வேகத்தின் எல்லை: சேலம் வெயிலில் ஓவர்கிளாக்கிங்கும் நிலைத்தன்மைச் சோதனையும்

ஒரு பிராசஸரை அதன் தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாமா, அதாவது ஓவர்கிளாக் செய்யலாமா? ஓட்டினால், அது போடும் கணக்கு சரிதான் என்று எப்படி உறுதி செய்துகொள்வது? மேசைக் கணினி ஆர்வலர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்விகள் இவை. இவற்றுக்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பகுதி, 22 டிகிரி குளிர் அறைகளில், வோல்டேஜ் ஏறி இறங்காத ஊர்களில் சோதித்துச் சொல்லப்பட்டவை. சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றான அஸ்தம்பட்டியில், சித்திரை மாத மதியத்தில், ஒரு மாடி அறையில் ஓடும் கணினிக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை.

அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றியுள்ள கோரிமேடு, மரவனேரி, ஃபேர்லேண்ட்ஸ் பகுதிகளில் மேசைக் கணினியை நம்பிப் பிழைப்பவர்கள் பல வகையினர். கல்யாண வீடியோ எடிட் செய்பவர், கட்டட வரைபடம் போடுபவர், விசைத்தறிக்கு டிசைன் போட்டுத் தருபவர், கணக்கு எழுதும் அலுவலகத்தார், இன்ஜினியரிங் மாணவர் என்று பட்டியல் நீளும். இவர்கள் வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை கடையில் சொல்லி அசெம்பிள் செய்து வாங்கியவை. அதனால் வேகத்தைக் கூட்டும் வசதி பயாஸுக்குள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைத் தொடலாமா என்பதைத் தீர்மானிக்கத் தேவையான செய்திகளை ஓரிடத்தில் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓவர்கிளாக்கிங் தரும் லாபம் இன்று சுருங்கிவிட்டது, ஆனால் அந்தக் கலை வளர்த்தெடுத்த சோதனை முறைகள், ஓவர்கிளாக் செய்யாத ஒவ்வொருவருக்கும் தேவைப்படுகின்றன.

வேகத்துக்கு எல்லை எங்கிருந்து வருகிறது

பிராசஸருக்குள் எல்லா வேலையும் ஒரு கடிகாரத் துடிப்பின் கட்டுப்பாட்டில் நடக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசஸரில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளி 200 பிக்கோ வினாடி. ஒளியே அந்த நேரத்தில் 6 சென்டிமீட்டர்தான் நகரும். அந்த இடைவெளிக்குள் மின்குறிப்பு டிரான்சிஸ்டர் வரிசை ஒன்றைக் கடந்து மறுமுனையில் நிலைபெற்றாக வேண்டும். எல்லாவற்றிலும் நீளமான பாதையைக் கடந்து முடிப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், பழைய மதிப்போ அரைகுறை மதிப்போ விடையாகப் பதிவாகிவிடும். ஓவர்கிளாக் செய்த பிராசஸர் தடுமாறுவதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

டிரான்சிஸ்டர் வேகமாகத் திறந்து மூட வேண்டுமானால் வோல்டேஜைக் கூட்ட வேண்டும். சிக்கல் அங்கே தொடங்குகிறது. பிராசஸர் இழுக்கும் மின்சக்தி வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்ட வோல்டேஜையும் 10 சதவீதம் கூட்ட நேர்ந்தால், 1.1-ஐ மூன்று முறை பெருக்கிக்கொள்ளுங்கள்: 1.33. பத்து சதவீத வேகத்துக்கு 33 சதவீதக் கூடுதல் வெப்பம். வெப்பம் கூடினால் டிரான்சிஸ்டர்களின் வேகம் பொதுவாகக் குறைகிறது, கசிவு மின்னோட்டம் கூடுகிறது; அதை ஈடுகட்ட மீண்டும் வோல்டேஜ் தேவைப்படுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் வேகத்தைக் கூட்டவே முடியாமல் போவது இந்தச் சுழலால்தான்.

இன்னொரு விலையும் உண்டு, அது மெதுவாக வசூலிக்கப்படுவது. மிக மெல்லிய உலோகத் தடங்களில் மின்னோட்டம் தொடர்ந்து பாயும்போது உலோக அணுக்களே சிறிது சிறிதாக இடம்பெயர்கின்றன. மின்னோட்ட அடர்த்தியும் வெப்பநிலையும் கூடக் கூட இந்தத் தேய்மானம் எப்படி விரைவுபடுகிறது என்பதை மோட்டோரோலாவின் ஜேம்ஸ் பிளாக் 1960-களின் இறுதியிலேயே சமன்பாடாக வகுத்துக் காட்டினார். 2002, 2003 வாக்கில் பென்டியம் 4 நார்த்வுட் சிப்புகளை 1.7 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து ஓட்டிய பலர், சில வாரங்களிலோ மாதங்களிலோ அவை செத்துப்போவதைக் கண்டார்கள். முதல் நாள் எல்லாச் சோதனையிலும் தேறிய சிப்புகள்தான் அவை.

ஒரே வேஃபரில் வெட்டியெடுத்த இரண்டு சிப்புகள்கூட ஒரே தரத்தில் இருப்பதில்லை. தயாரிப்பாளர் ஒவ்வொன்றையும் சோதித்து, தரம் பிரித்து, வெவ்வேறு பெயரும் விலையும் வைத்து விற்கிறார். வெப்பம், முதுமை, மின்சார ஏற்ற இறக்கம் மூன்றையும் தாங்கும்படி ஒரு பாதுகாப்பு இடைவெளியையும் விட்டுவைக்கிறார். ஓவர்கிளாக் செய்பவர் எடுத்துச் செலவழிப்பது இந்த இடைவெளியைத்தான். அது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே இந்த வேலையின் லாபம் அமைகிறது.

செலரான் முதல் ரைசன் வரை

1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இந்த வரலாற்றின் பொற்காலச் சின்னம். அதன் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. மதர்போர்டின் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 300 மெகாஹெர்ட்ஸ். பஸ்ஸை 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 450. பென்டியம் 2-இல் பாதி வேகத்தில் ஓடிய இரண்டாம் நிலை கேஷ், இந்தச் செலரானில் சிறியதாக இருந்தாலும் சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. அதனால் மலிவு விலைப் பிராசஸர் ஒன்று, பல வேலைகளில் அன்றைய உச்ச விலைப் பிராசஸருக்கு ஈடு கொடுத்தது. ஐம்பது சதவீத வேகம், காசில்லாமல்.

2000 வாக்கில் ஏஎம்டியின் டியூரான், அத்லான் சிப்புகளின் மேற்பரப்பில் வெட்டிவிடப்பட்டிருந்த சின்னஞ்சிறு இணைப்புகளைப் பென்சில் கரியால் கோடிட்டு இணைத்துப் பெருக்கியைத் திறந்தார்கள். 2007-இல் வந்த கோர் 2 குவாட் க்யூ6600, 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3 கிகாஹெர்ட்ஸுக்குச் சிரமமின்றி ஏறியது. பஸ்ஸை 266-இலிருந்து 333-க்கு மாற்றினாலே போதும்.

2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையோடு விதிகள் மாறின. அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தப்பட்டு, மற்றப் பாகங்களின் கடிகாரங்களும் அதனோடு பிணைக்கப்பட்டன. சில சதவீதத்துக்கு மேல் அதைத் தொட முடியாது. பெருக்கி திறந்த ‘கே’ வகைப் பிராசஸரையும், அதை அனுமதிக்கும் மதர்போர்டையும் தனிக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு மட்டுமே ஓவர்கிளாக்கிங் என்றானது. ஏழையின் தந்திரமாக இருந்தது பணக்காரரின் வசதியாக மாறியது அப்போதுதான். 2017-இல் ரைசன் வரிசையைக் கொண்டுவந்த ஏஎம்டி, தொடக்கத்தில் எல்லா ரைசன் சிப்புகளையும் திறந்தே விட்டது. நடுத்தர விலை மதர்போர்டுகளிலும் ஓவர்கிளாக்கிங்கை அனுமதித்தது. கதவு மீண்டும் திறந்தது. ஆனால் அதற்குள் அறையில் எடுப்பதற்கு அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

காரணம், தயாரிப்பாளர்களே அந்த இடைவெளியை எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். 2008-இல் நெஹலேம் தலைமுறையோடு இன்டெல் கொண்டுவந்த டர்போ பூஸ்ட், வெப்பமும் மின்சக்தியும் இடம்கொடுக்கும் அளவுக்குத் தானாகவே வேகத்தைக் கூட்டியது. ஏஎம்டியின் பூஸ்ட் முறைகளும் அப்படியே வளர்ந்தன. 2023 ஜனவரியில் வந்த கோர் ஐ9 13900கேஎஸ் பெட்டியைப் பிரித்த கையோடு 6 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. திரவ நைட்ரஜனிலும் திரவ ஹீலியத்திலும் உறையவைத்து எடுக்கும் சாதனைகள் இன்றும் தொடர்கின்றன. 2014-இல் ஏஎம்டி எஃப்எக்ஸ் 8370 ஒன்று 8.72 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது, 2022-இல் ஐ9 13900கே ஒன்று 9 கிகாஹெர்ட்ஸைக் கடந்தது. அவை சிறிது நேரம் நின்று பதிவாகும் விளையாட்டுச் சாதனைகள். தினசரி உழைக்கும் கணினிக்கும் அவற்றுக்கும் உறவில்லை.

தயாரிப்பாளரே எல்லையைத் தாண்டியபோது

எல்லையை மீறுபவர்கள் ஆர்வலர்கள் மட்டுமல்லர் என்பதற்கு வரலாற்றில் தெளிவான சாட்சிகள் உண்டு.

2000 ஜூலை இறுதியில், ஏஎம்டியோடு நடந்த கிகாஹெர்ட்ஸ் பந்தயத்தின் நெருக்கடியில், இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ வெளியிட்டது. டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தின் தாமஸ் பாப்ஸ்ட் அதை வைத்து லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்ய முயன்றபோது அது தோற்றது. மற்ற விமர்சகர்களும் சிக்கலை உறுதிசெய்த பிறகு, ஆகஸ்ட் இறுதியில் இன்டெல் அந்தப் பிராசஸரைத் திரும்பப் பெற்றது. வெளியிட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி வரிசைச் சிப்புகள் சில மதர்போர்டுகளில் கருகின. ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ வசதியை இயக்கியபோது, சில மதர்போர்டுகள் சிப்பின் எஸ்ஓசி பகுதிக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் கொடுத்தன. ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.3 என்று உச்சவரம்பு விதித்தது. ரேமின் விளம்பர வேகத்துக்காக பயாஸில் ஒரே ஒரு பொத்தானை அழுத்துவதும் ஓவர்கிளாக்கிங்தான் என்பதைப் பலர் அன்றைக்குத்தான் உணர்ந்தார்கள்.

2024-இல் வெளிப்பட்ட இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைச் சிக்கல் இன்னும் பெரியது. எந்த மாற்றமும் செய்யாத கணினிகளிலும் விளையாட்டுகள் நின்றன. திரையில் வந்த செய்தி, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்றது. மக்கள் கிராபிக்ஸ் கார்டைப் பழித்தார்கள். உண்மையில், சுருக்கிவைத்த தரவை விரிக்கும்போது பிராசஸர் தவறான விடை தந்துகொண்டிருந்தது. கூடுதல் வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்து பிராசஸரின் கடிகாரச் சுற்றுப் பகுதியை முதுமையடையச் செய்வதே காரணம் என்று 2024 செப்டம்பரில் இன்டெல் அறிவித்தது. 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி மைக்ரோகோடு மாற்றப்பட்டது; பாதிக்கப்பட்ட வரிசைகளுக்கு உத்தரவாதம் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை எந்த மைக்ரோகோடும் மீட்காது.

மூன்று நிகழ்வுகளும் சொல்வது ஒன்றுதான்: பெட்டியின் மேல் அச்சிட்ட வேகமும் சோதனைக்கு உட்பட்டதே.

நின்றுபோவதும் பிசகிப்போவதும்

நிலைத்தன்மை என்றதும் நம் மனத்தில் வருவது ஹேங் ஆவது, தானாக ரீஸ்டார்ட் ஆவது, நீலத்திரை வருவது. இவை கண்ணுக்குத் தெரியும் தோல்விகள். கண்ணுக்குத் தெரியாத தோல்வி இவற்றைவிடக் கொடியது. சேலத்துக்காரர்களுக்கு இதைத் தறியை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். தறியின் வேகத்தைக் கூட்டினால் பாவு இழை அறுந்து தறி நிற்பது ஒரு வகை. அது உடனே தெரியும், முடிச்சுப் போட்டு ஓட்டலாம். தறி நிற்காமலே ஓடி, துணிக்குள் டிசைன் பிசகியிருப்பது இன்னொரு வகை. அது துணியை விரிக்கும்போதுதான் தெரியும், அதற்குள் பீஸ் முழுவதும் நெய்து முடிந்திருக்கும். கணினியில் அந்த இரண்டாவது வகைப் பிழையால் கணக்குப் புத்தகத்தில் ஓர் இலக்கம் மாறலாம், கல்யாண வீடியோவில் ஒரு ஃபிரேம் சிதையலாம், பேக்கப் எடுத்த கோப்பு ஆண்டு கழித்துத் திறக்க மறுக்கலாம்.

மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-இல் எழுதிய அனுபவம் இங்கே குறிப்பிடத்தக்கது. வாடிக்கையாளர் கணினிகளிலிருந்து வந்த விபத்து அறிக்கைகளை ஆராய்ந்தவர்கள், தோற்கவே முடியாத ஒரு கட்டளையில், அதாவது பிராசஸருக்குள் உள்ள ஒரு பதிவேட்டைப் (ரெஜிஸ்டர்) பூஜ்யமாக்கும் கட்டளையில், கணினி விழுந்திருப்பதைக் கண்டு திகைத்தார்கள். விசாரித்தபோது அவற்றுள் பல ஓவர்கிளாக் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. சிலருக்குத் தங்கள் கணினி அப்படி விற்கப்பட்டதே தெரியாது.

2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எட்மண்ட் நைட்டிங்கேல், ஜான் டவ்சர், வின்ஸ் ஆர்கோவன் ஆகியோர் சுமார் பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் விபத்து அறிக்கைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, இந்தத் துறையில் கிடைக்கும் வலுவான சான்று. எட்டு மாதக் காலத்தில், ஒரு நிறுவனத்தின் பிராசஸர்கள் ஓவர்கிளாக் செய்யப்பட்டபோது கணினியை வீழ்த்தும் வாய்ப்பு ஏறத்தாழ 20 மடங்கு கூடியது. இன்னொரு நிறுவனத்துக்கு நான்கு மடங்குக்கு மேல். நிர்ணயித்த வேகத்துக்குக் கீழே ஓடிய கணினிகள், நிர்ணயித்த வேகத்தில் ஓடியவற்றைவிட நம்பகமாக இருந்தன என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஒருமுறை பிராசஸர் பிழையால் விழுந்த கணினி மீண்டும் விழும் வாய்ப்பு பன்மடங்கு அதிகம் என்பதையும் அது காட்டியது. ஆக, ‘ஒரே ஒரு தடவைதானே ஹேங் ஆனது’ என்று தள்ளிவிடுவதற்கில்லை.

ஓவர்கிளாக் செய்யாத பிராசஸரும் அமைதியாகப் பிசகலாம் என்பதை 2021-இல் இரண்டு ஆய்வுகள் உலகுக்குச் சொன்னன. ஃபேஸ்புக்கின் ஹரீஷ் தத்தாத்ரேய தீட்சித் குழு கண்ட ஒரு பிராசஸர் கோர், 1.1-இன் 53-ஆம் அடுக்கை முழு எண்ணாகக் கேட்டால் 156 என்பதற்குப் பதில் 0 என்றது. மற்றக் கணக்குகள் பலவற்றுக்குச் சரியான விடை சொன்னது. சுருக்கிவைத்த கோப்புகளின் அளவைக் கணக்கிடும்போது இந்தப் பிழையால் கோப்புகள் காணாமல்போயின. அதே ஆண்டில் கூகுள் ஆய்வாளர்களும் தங்கள் தரவுமையங்களில் இத்தகைய கோர்களைக் கண்டதாக எழுதினார்கள். லட்சக்கணக்கில் சர்வர் வைத்திருப்பவர்கள் இதைச் சோதித்துப் பிடித்துவிடுவார்கள். வீட்டில் ஒரே கணினி வைத்திருப்பவர், தானே சோதித்தால்தான் உண்டு.

சோதனைக் கருவிகள்: எது எதைப் பிடிக்கும்

எல்லாவற்றையும் பிடிக்கும் ஒற்றைச் சோதனை கிடையாது. ஒவ்வொரு கருவியும் ஒவ்வோர் இடத்தை அழுத்திப் பார்க்கிறது.

ப்ரைம்95: மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய கூட்டு முயற்சியின் மென்பொருள். விடை முன்பே தெரிந்த கணக்குகளைப் போட்டுச் சரிபார்க்கும் அதன் ‘டார்ச்சர் டெஸ்ட்’ ஓவர்கிளாக் செய்பவர்களின் உரைகல்லாகிவிட்டது. சிறு எஃப்எஃப்டி வகை கோர்களையும் கூலரையும் உச்சத்துக்குக் கொண்டுபோகும். பெரிய எஃப்எஃப்டியும் பிளெண்ட் வகையும் ரேமையும் அதன் கட்டுப்பாட்டுச் சுற்றையும் சேர்த்துச் சோதிக்கும். 2016 ஜனவரியில் இன்டெல் ஸ்கைலேக் பிராசஸர்களில் இருந்த வடிவமைப்புப் பிழை ஒன்று வெளிவந்ததே ப்ரைம்95 ஒரு குறிப்பிட்ட கணக்கில் உறைந்து நின்றதால்தான். பயாஸ் மாற்றத்தால் அது சரிசெய்யப்பட்டது.

ஒய்-க்ரஞ்சர்: பை போன்ற எண்களைக் கோடிக்கணக்கான இலக்கங்களுக்குக் கணக்கிட அலெக்ஸாண்டர் யீ எழுதியது. ரேமும் பிராசஸரும் ஒருசேர வேலை செய்யும்போது எழும் பிழைகளைப் பிடிப்பதில் தேர்ந்தது. 

மெம்டெஸ்ட்86+: விண்டோஸ் இல்லாமல், பென் டிரைவிலிருந்து நேரே இயங்கி ரேமைச் சோதிக்கும் இலவசக் கருவி. ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ‘ஒன்றிரண்டுதானே’ என்ற சலுகைக்கு இடமில்லை.

ஓசிசிடி, ஏய்டா64, சினிபெஞ்ச்: எளிதாகப் பயன்படுத்தத் தக்கவை. வெப்பநிலை எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கவும், முதல் சல்லடையாகவும் உதவும். சினிபெஞ்சில் தேறியதை மட்டும் வைத்துக் கணினி நிலையானது என்று சொல்லிவிடக் கூடாது.

கோர்சைக்ளர்: எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது ரைசன் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஒரே ஒரு கோர் உழைக்கும்போதுதான் உச்ச வேகத்துக்கு ஏறுகிறது. இரவு முழுவதும் ப்ரைம்95-இல் நின்ற கணினி, பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது விழுவதன் மர்மம் இதில் இருக்கிறது. கோர்சைக்ளர் ஒவ்வொரு கோரையும் தனித்தனியே உச்சத்தில் ஓட்டிப் பார்க்கும்.

இவற்றோடு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். அதில் வீயா லாகர் என்ற பெயரில், எண் 19 என்று பதிவு இருந்தால், வன்பொருளில் ஒரு பிழை நேர்ந்து அது திருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். கணினி விழவில்லை, ஆனால் விழும் தூரத்தில் நிற்கிறது.

கடைசிச் சோதனை, உங்கள் சொந்த வேலை. ஒரே வீடியோவை ஒரே அமைப்பில் பலமுறை ரெண்டர் செய்து பார்க்கலாம். பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்கி, விரித்து, முந்தையதோடு சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடலாம். ஓர் இலக்கம் மாறினாலும் அந்தக் கணினியை நம்பிக் காசு வாங்கும் வேலையைச் செய்யக் கூடாது.

எத்தனை மணி நேரம் போதும்?

ஒரு மணி நேரம் என்பார் ஒருவர், 24 மணி நேரம் என்பார் இன்னொருவர். புள்ளியியல் இதற்குத் தெளிவான பதில் தருகிறது. ஒரு சோதனை தொடர்ந்து சில மணி நேரம் பிழையின்றி ஓடினால், 95 சதவீத உறுதியோடு நாம் சொல்லக்கூடியது, பிழை விகிதம் மூன்றை அந்த மணிக்கணக்கால் வகுத்த அளவுக்கு மேல் இல்லை என்பதுதான். 24 மணி நேரம் தேறிய கணினிக்கு அந்த வரம்பு, இருபத்துநான்கில் மூன்று, அதாவது எட்டு மணி நேரத்துக்கு ஒரு பிழை! ஒரு நாள் முழுவதும் ஓட்டியும் நமக்குக் கிடைக்கும் உறுதி அவ்வளவே.

ஆகவே நேரத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போவது வழியல்ல. விளிம்பைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பின்வாங்குவதே வழி. 4.8 கிகாஹெர்ட்ஸில் பிழை வருகிறது, 4.7-இல் சில மணி நேரம் நிற்கிறது என்றால், 4.7-இல் நிறுத்திக்கொள்ளாமல் 4.5-க்கோ 4.6-க்கோ இறங்கி, அங்கே மறுபடி சோதிக்க வேண்டும். தயாரிப்பாளர் விட்டுவைக்கும் பாதுகாப்பு இடைவெளியை நாம் நம் கையால் மீண்டும் அமைக்கிறோம். அந்த இடைவெளியின் அளவை முடிவுசெய்வது ஊரின் வெயிலும் மின்சாரமும்.

சமவெளியின் வெயில், வீட்டின் மின்சாரம்

காற்றுக் கூலரானாலும் லிக்விட் கூலரானாலும் அறை வெப்பநிலைக்குக் கீழே எதுவும் குளிர்விக்காது. ஒரு கூலர் முழு வேலையில் பிராசஸரை அறையைவிட 55 டிகிரி மேலே வைத்திருக்கிறது என்று கொள்வோம். 22 டிகிரி அறையில் அது 77. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெளி வெப்பம் 38, 40 என்று ஏறும்போது, காங்கிரீட் கூரைக்கு அடியிலுள்ள அறையும் 38-ஐத் தொடும். அப்போது அதே கூலரில் அதே பிராசஸர் 93. ரைசன் 7000 வரிசையில் பலவற்றின் வரம்பு 95. இன்டெலின் பல பிராசஸர்களுக்கு 100. வரம்பை நெருங்கியதும் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மார்கழியில் வாங்கிய கூடுதல் வேகம் சித்திரையில் கையைவிட்டுப் போய்விடும். கூடுதல் வோல்டேஜும் தேய்மானமும் மட்டும் மிஞ்சும்.

மார்கழி இரவில் செய்த சோதனை சித்திரை மதியத்துக்குச் செல்லாது என்பது இதன் நேரடி விளைவு. அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பும் சாலை ஏறிச்செல்லும் ஏற்காடு, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அறை குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால் கூலரின் திறனும் சற்றுக் குறையும். முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே ஒரே கணினியின் எல்லை மாறுகிறது. வேறொரு நாட்டில் எடுத்த எண்ணை நம் பயாஸில் அப்படியே எழுதுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தூசியும் கணக்கில் சேரும். சாலையோரக் கடையில் சில மாதங்களிலேயே ஹீட்சிங்கின் இடுக்குகள் அடைபடுகின்றன. சுத்தம் செய்தபின் எடுத்த அளவு, அடைபட்ட பின் பொருந்தாது.

அடுத்து மின்சாரம். 2012-இல் தமிழ்நாடு அனுபவித்த நீண்ட மின்வெட்டுகள் இன்று இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் வீடுதோறும் வந்த இன்வெர்ட்டர் நிலைத்துவிட்டது. மின்சாரம் போனதும் இன்வெர்ட்டர் கைமாற்றிக்கொள்ளச் சில மில்லி வினாடிகள் ஆகும். தரமான எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் சுமார் 16 மில்லி வினாடி தாக்குப்பிடிக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு முழு அலைக்கு ஆகும் 20 மில்லி வினாடிக்குள் அது முடிந்துவிடுகிறது. ஓவர்கிளாக் செய்தால் சுமை கூடும், தாக்குப்பிடிக்கும் நேரம் குறையும். எனவே இன்வெர்ட்டரில் உள்ள, விரைவாகக் கைமாறும் யூபிஎஸ் நிலைக்குச் சுவிட்ச் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், சோதனை ஓடும்போதே மெயின் சுவிட்சை அணைத்துப் பார்ப்பதும் நம் ஊருக்கு உரிய சோதனைகள். இரண்டாவதைச் செய்யுமுன் முக்கியக் கோப்புகளைப் பேக்கப் எடுத்துவைப்பது அவசியம்.

செலவுக் கணக்கும் பார்த்துவிடலாம். கூடுதலாக 60 வாட், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால், நம் மின்கட்டணச் சுற்றான இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 29 யூனிட். பெருக்கி திறந்த இன்டெல் பிராசஸர், அதற்கேற்ற மதர்போர்டு, பெரிய கூலர் மூன்றுக்கும் கொடுக்கும் கூடுதல் விலையைச் சேர்த்தால், அடுத்த படிநிலைப் பிராசஸரையே வாங்கிவிடக்கூடிய சந்தர்ப்பங்கள் அதிகம். ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதத்தை நிறுவனங்களின் உத்தரவாதம் ஏற்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

இன்றைய பிராசஸர்களுக்கு, குறிப்பாக நம் சமவெளியில், எதிர்த்திசையில் போவதே புத்திசாலித்தனம். மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடுகிறது என்ற அதே விதி, இறங்கும்போது நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. பயாஸிலேயே ஏஎம்டி தரும் ஈக்கோ நிலையும், இன்டெல் மதர்போர்டுகளில் உள்ள மின்சக்தி வரம்பும் இதற்கான நேர்வழிகள். உச்ச வேகத்தில் சிறிது குறையும். வெப்பம் வெகுவாகக் குறையும். மே மாத ரெண்டரிங்கில் இடையறாமல் ஓடும் கணினி, தொடக்கத்தில் பாய்ந்து பிறகு சூடேறித் தளரும் கணினியைவிடப் பயனுள்ளது. வோல்டேஜை மட்டும் தனியே குறைக்கும் அண்டர்வோல்டிங் இன்னும் நுட்பமான வழி. ஆனால் அதுவும் பாதுகாப்பு இடைவெளியைச் செலவழிப்பதுதான். ஏஎம்டியின் உத்தரவாத விதி ஓவர்கிளாக்கிங்கோடு அதையும் சேர்த்தே விலக்குகிறது. செய்பவர், ஓவர்கிளாக் செய்தவருக்குச் சொன்ன எல்லாச் சோதனைகளையும் செய்தாக வேண்டும்.

இதற்குப் பிறகும் வேகத்தைக் கூட்டிப் பார்க்க விரும்பும் மாணவர்களை நான் தடுக்கமாட்டேன். கணினியின் உள்ளே நடப்பதைக் கையால் தொட்டுக் கற்க இதைவிட நல்ல பாடம் குறைவு. பழைய கணினி ஒன்றில், இழந்தால் வருந்தாத ஹார்டு டிஸ்க் ஒன்றில் செய்யுங்கள். முதலில் ரேமை அதன் சாதாரண வேகத்தில் வைத்துச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும், அப்போதைய அறை வெப்பநிலையையும், முடிவையும் நோட்டில் எழுதுங்கள். மே மாத மதியத்தில், ஏசி போடாமல் ஒருமுறை சோதித்துத் தேறிய பிறகே அந்த எண்ணை இறுதியாகக் கொள்ளுங்கள்.

ஓவர்கிளாக்கிங்கில் துளியும் நாட்டமில்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கணினி அடிக்கடி ஹேங் ஆனால் நம் சர்வீஸ் கடைகளில் முதலில் சொல்லப்படும் மருந்து ஃபார்மட் போடுவது. ரேமிலோ பிராசஸரிலோ கோளாறு இருந்தால், ஃபார்மட் போட்டதும் சில நாள் சரியாக இருப்பதுபோலத் தோன்றி மீண்டும் தொடங்கும். இடையில் கோப்புகள் கெட்டுக்கொண்டே இருக்கும். ஃபார்மட் போடுமுன் ஓர் இரவு மெம்டெஸ்ட்86+ ஓட்டச் சொல்லுங்கள். புதுக் கணினி வாங்கும்போது, ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ இயக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இயக்கியிருந்தால், அந்த வேகத்திலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அசெம்பிள் செய்து விற்கும் கடைக்காரர்கள், பில்லோடு சேர்த்து, ரேம் சோதனையின் முடிவையும் முழுச் சுமையில் பிராசஸர் தொட்ட வெப்பநிலையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்க வேண்டும். கருவிகள் இலவசம், ஆகும் செலவு ஓர் இரவு மின்சாரம். சோதித்துத் தந்த கணினிதான் முழுதாக விற்கப்பட்ட கணினி என்று வாங்குபவர்கள் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், அந்த வழக்கம் ஒரே கோடையில் வந்துவிடும்.